வழுக்கிய தரைக்கு யார் பொறுப்பு?

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்து, பலகாரம் வாங்கக் கடையொன்றிற்குச் சென்றார். அப்பொழுதுதான் கழுவிவிட்ட தரை. ஈரமென எச்சரிக்க ஒரு பலகையும் இல்லை. வழுக்கி விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வண்டி பிடித்து அனுப்பியதோடு தம் கடமை தீர்ந்ததெனக் கடைக்காரர் கருதிவிட்டார். மூதாட்டியின் மகனோ, "அவரும் நம் கோவிலுக்கு வருபவர், எவ்வாறு பணம் கேட்பது?" எனத் தயங்குகிறார்.

இத்தயக்கம் வேண்டுவதுதானா?

குழி வெட்டி மூடாது விட்டவன், அதில் விழுந்து மடிந்த மாட்டிற்கு விலை கொடுக்க வேண்டுமென யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம் பணிக்கிறது. சண்டையில் பிறரை அடித்தவன், அவர் வேலையிழந்த நாட்களுக்கும் மருத்துவத்திற்கும் ஈடு தர வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது.

நம் புதுவைக்கும் இந்நெறி புதிதன்று. தன் தவற்றால் பிறருக்குத் தீங்கு விளைத்தவன் அதனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்று 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் தன் 1382ஆம் பிரிவில் விதித்தது. 1962க்குப் பின் இங்கு வந்த இந்தியச் சட்டமுறையும் கவனக்குறைவுக்கு அவ்வாறே பொறுப்புச் சாட்டுகிறது.

ஆயினும் ஒன்றை மனத்திற் கொள்க. கடையில் விழுந்த காரணத்தாலேயே உரிமையாளர் பணம் கட்ட வேண்டியவராகார். ஈரத்தைத் துடைக்காமலோ எச்சரிக்காமலோ விட்ட அவரது தவற்றைக் காட்ட வேண்டும். நம் பக்கமும் கவனக்குறைவு இருப்பின் தொகை குறையலாம். மோட்டார் வாகனங்களுக்கு உள்ளது போன்ற கட்டாயக் காப்பீடு சாதாரணக் கடைகளுக்கு இல்லை. எனவே முதற்செலவு குடும்பத்தின் தலையில்தான் விழும். பின்னரே அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆகவே, மருத்துவச் சீட்டுகளையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விழுந்த இடத்தைப் படமெடுங்கள். கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் உரிமையாளரிடம் நேரிற் பேசுங்கள். பின்னர்க் கடிதம் எழுதுங்கள். அவர் மறுப்பின், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நியாயமானதைக் கேட்பது பகையன்று. கேளாமல் மனத்துள் புழுங்குவதே பகையை வளர்க்கும்.

வணிகம் செய்யும் அன்பர்களே! எவரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்கிறது உபாகமம். உங்கள் கடையின் ஈரத்தரைக்கு ஒரு துணியும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் போதும். அதனையும் மீறி ஒருவர் விழுந்தால், அவர் வந்து கேட்கும்வரை காத்திராதீர்கள். நல்ல சமாரியன், தான் செய்யாத குற்றத்திற்கே சாவடிக்காரனிடம் பணம் கொடுத்தான். நம் தரையில் விழுந்தவருக்குக் கொடுக்க நாம் தயங்கலாமோ?