ரோபோ சிகிச்சை சென்னையோடு நின்றுவிடலாமா?



2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. பாராட்டுகிறோம். அதே ஆண்டு ஜனவரியில் நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் நம் ஏழைக்கு ஓமந்தூரார் 400 கிலோமீட்டருக்கும் அப்பால்!

ரோபோ தானாகக் கத்தி பிடிப்பதில்லை. மருத்துவர் திரையைப் பார்த்துக் கைகளை அசைக்கிறார். இயந்திரக் கரங்கள் உடலுக்குள் அப்படியே அசைகின்றன. சிறு துளைகள் போதும். ரத்த இழப்பு குறைவு. பெரும்பாலும் விரைவில் வீடு திரும்பலாம். கடை திறந்தால்தான் அடுப்பெரியும் என்றிருக்கும் பேகம்பூர் சிறு வியாபாரிக்கு இது ஆடம்பரமா?

இயந்திரம் மட்டும் வந்தால் போதாது. பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் பழுது பார்ப்பவரும் இல்லையென்றால், அந்த அறைக்குத் திண்டுக்கல் பூட்டுதான்! ஆகவே அரசே, முதலில் இங்குள்ள மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடு. பிறகு இயந்திரத்தைக் கொடு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர் அபுல் காசிம் அல் ஸஹ்ராவி. மேடையில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டால் போதுமா? வியாபாரிகளே, படிக்கிற பிள்ளையைப் பாதியில் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்! இளைஞர்களே, மருத்துவமும் மருத்துவக் கருவிப் பொறியியலும் படியுங்கள்! கேட்கும் கை நம்முடையது. இயக்கும் கையும் இன்ஷா அல்லாஹ் நம்முடையதாகட்டும்.