மூணு நாள் லீவு, எத்தனை தீவு?

ஃபைனல் இயர் மக்களே, உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்நேரம் ஒரு போல் ஓடிக்கிட்டு இருக்கும். அந்தமானா, லட்சத்தீவா, ராமேஸ்வரமா? ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கும் மாடல் எக்ஸாமுக்கும் நடுவில் நமக்குக் கிடைக்கப்போவது ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதுக்குள்ள "மூணு தீவு கவர் பண்ணிரலாம் மக்கா" என்று சொல்ற ஒருத்தன் எல்லா கேங்கிலும் இருக்கான். அவனுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சின்ன டூருக்கு ஒரே ஒரு தீவு போதும். அதுவும் கேங்கில் இருக்கிற எல்லாரும் வர முடிகிற தீவா இருக்கணும். ஏன்னு மூணு கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

முதல் கணக்கு, நேரம். அந்தமானை எடுத்துக்கோங்க. நாகர்கோவிலில் ரயில் ஏறினா சென்னை போய்ச் சேரவே ஒரு ராத்திரி ஆகும். அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். காசு மிச்சம்னு கப்பலில் போனா கிட்டத்தட்ட மூணு நாள் கடல்லயே போயிடும், மொத்த லீவும் காலி. போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பேர் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கினாலும் ரீல்ஸில் பார்த்த அந்த பீச் அங்க இல்ல. அது ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில் இருக்கு. அதுக்கு இன்னொரு கப்பல். நீல் தீவும் சேர்த்தா இன்னொன்று. மூணு நாளில் மூணு தீவு பார்த்தேன்னு சொல்றவன் நிஜத்தில் பார்த்தது மூணு படகுத்துறை க்யூவைத்தான். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் ஜெயில் ஒண்ணுக்கே அரை நாள் கொடுக்கணும். அந்தமான் நல்ல இடம்தான், ஆனா அது ஒரு வாரத்து ஊர்.

லட்சத்தீவு? 2024 ஜனவரியில் பிரதமரின் போட்டோக்கள் வந்த பிறகு எல்லாருக்கும் அந்த ஆசை வந்துடுச்சு. ஆனா அங்கே போக முன்கூட்டியே அனுமதி வாங்கணும். 36 தீவில் மக்கள் வாழ்வது 10 தீவில் மட்டும். கொச்சியிலிருந்து கப்பலில் போனா ஒரு ராத்திரி முழுக்க, சில தீவுகளுக்கு அதுக்கும் மேலே ஆகும். இன்னொண்ணும் சொல்லணும். நம்ம மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு லட்சத்தீவு டூரிஸ்ட் ஸ்பாட் கிடையாது. 2017 ஒக்கி புயலில் சிக்கின நம்ம ஊர்ப் படகுகள் பல போய் ஒதுங்கினது அங்கேதான். நம்ம க்ளாஸிலேயே கடற்கரைப் பசங்க இருக்காங்க. "கடல் செம வைப் மக்கா" என்று அவங்க முன்னாடி சொல்றதுக்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிங்க.

இரண்டாவது கணக்கு, படகு. கன்னியாகுமரிக்காரனுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடும், ஆனா நீர்மட்டம் இறங்கிட்டா பக்கத்திலேயே நிற்கிற 133 அடி வள்ளுவரிடம் படகு போகாது. வெளியூர்ச் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டுப் போய் இப்படித் திரும்பின அனுபவம் இந்த ஊர்ல நிறைய வீட்டில் உண்டு. 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகுதான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். ஸ்கை தீவுக்கு 1995-ல் ரோட்டுப் பாலம் வந்துவிட்டது, அவசரமா போறவங்க அங்கே போறாங்க. அதுக்கும் அப்பால் இருக்கிற லூயிஸ் மாதிரித் தீவுகளுக்கு ஃபெர்ரிதான், காத்து பலமா அடிச்சா அது ஓடாது. அதனால திங்கக்கிழமை வைவா இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வர படகை நம்பக்கூடாது. சின்ன டூருக்குப் பாலம் இருக்கிற தீவுதான் சரி.

பாலம் இருக்கிற தீவுன்னா நமக்கு ராமேஸ்வரம்தான். "அதெல்லாம் அஞ்சாங்கிளாஸ்லயே பாட்டிகூட போயாச்சு" என்பீங்க. பாட்டிகூட போனப்ப 22 தீர்த்தத்தில் குளிச்சிட்டு சாயங்காலம் வண்டி ஏறியிருப்பீங்க. இப்போ இன்ஜினியரா போங்க. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் மேலே திறந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தா மேலே போகும். ஒரே பிரச்சினைக்கு 111 வருஷ இடைவெளியில் கொடுத்த இரண்டு விடை அது. 1964 புயலில் சிதைந்த பழைய பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தாங்க. நம்ம மினி ப்ராஜெக்ட்டே ஒரு செமஸ்டர் இழுக்குது.

அதே புயலில்தான், 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653-ம் எண் பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவங்களோடு கடலில் போச்சு. இலங்கைக்குக் கப்பல் ஏற ஆளுங்க வந்து இறங்கின துறைமுக ஊர் அது, இன்னைக்கு அங்கே இடிந்த சர்ச்சும் சுவர்களும்தான் மிச்சம். அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, விடியற்காலையில் போங்க. அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அதில் இரண்டு மூழ்கிப்போச்சு. தீவு என்றால் போட்டோ மட்டும் இல்லன்னு புரிய அந்த ஒரு தகவல் போதும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கா? கொல்லம் தாண்டி மன்றோத்துருத்து இருக்கு. கல்லடை ஆறும் அஷ்டமுடிக் காயலும் சேர்ற இடம். நம்ம நாஞ்சில் நாடும் சேர்ந்திருந்த திருவிதாங்கூருக்கு ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் பேர்தான் அதுக்கு. ரயிலில் காலையில் போய் வள்ளத்தில் சுத்திட்டு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்துரலாம். கடல் ஏறும்போது அங்கே வீட்டுக்குள்ளேயே தண்ணி வருது. சிவில் பசங்க அவசியம் பார்க்கணும்.

மூணாவது கணக்குதான் முக்கியமானது. குரூப்புக்குப் போய் அந்தப் போலைத் திரும்பப் பாருங்க. அந்தமானுக்கு எத்தனை ஓட்டுன்னு பார்க்காதீங்க, ஓட்டே போடாதவங்க யாருன்னு பாருங்க. மெசேஜைப் பார்த்தாச்சு, ஆனா பதில் இல்ல. கேட்டா "வீட்ல விட மாட்டாங்க", "கசின் கல்யாணம்" என்பாங்க. பாதிப் பேருக்கு நிஜக் காரணம் காசு. எஜுகேஷன் லோனில் படிக்கிறவன், வேலை இன்னும் கிடைக்காதவன், வீட்டில் இதுக்குமேல் கேட்க மனசு வராதவள். நாலு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவங்களிடம் இதை அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களை விட்டுட்டுப் போற ட்ரிப்புக்கு "பேட்ச் டூர்" என்று பேர் வைக்காதீங்க.

அதனால ஒரு வேலை செய்யுங்க. எந்தத் தீவுன்னு கேட்கிற போலை டெலிட் பண்ணுங்க. பேர், மெயில் எதுவும் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்க. ஒரே கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் உன்னால முடியும்? வந்த பதில்களில் இருக்கிறதிலேயே சின்ன எண்ணை எடுத்துக்கோங்க. அந்தத் தொகைக்குள் எந்தத் தீவு வருதோ, அதுதான் உங்க தீவு.

அந்தமான் எங்கேயும் ஓடிப்போகாது. நெடுந்தீவும்தான். முதல் சம்பளம் வரட்டும், ஒரு வாரம் லீவு போட்டு நிதானமா போகலாம். ஆனா இந்த முப்பது பேரும் ஒண்ணா ஒரே வண்டியில் ஏறுற சனிக்கிழமை இதுக்கப்புறம் வராது.