நிக்சி குழாய்க்கு முன் மின்வழங்கி

பழைய நிக்சி குழாய்களுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் இலக்கங்களைக் கொண்டு கடிகாரம் செய்யாத எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் குறைவு. 1955ல் அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இக்குழாயை 1970களில் எல்இடி ஓரங்கட்டியது. இன்று அதிகம் புழங்குபவை சோவியத் காலத்து ஐஎன்-12, ஐஎன்-14 வகைகள்.

கடிகாரம் செய்பவர்கள் முதலில் குழாய் வாங்குகிறார்கள். பிறகு மரப்பெட்டி, நிரல் என்று வேலை நடக்கிறது. மின்வழங்கி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். குழாயின் ஆயுளும் செய்பவரின் பாதுகாப்பும் மின்வழங்கியில்தான் இருக்கின்றன.

குழாயினுள் இருப்பது நியான் வாயு. அது ஒளிரத் தொடங்க சுமார் 170 வோல்ட் வேண்டும். ஒளிர்ந்த பிறகு சுமார் 140 வோல்ட் போதும். மீதி 30 வோல்ட்டை ஏற்க ஒரு மின்தடை கட்டாயம். ஐஎன்-14க்கு 2.5 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால் கணக்கு 12 கிலோ ஓம் என்று வரும். மின்தடை இல்லாவிட்டால் மின்னோட்டம் கட்டுமீறும். மிகுந்த மின்னோட்டம் எதிர்மின்வாயின் உலோகத்தை அரித்துக் கண்ணாடியைக் கருக்கும். குறைந்தாலோ இலக்கம் பாதிதான் ஒளிரும்.

170 வோல்ட்டுக்கு எங்கே போவது? அமெரிக்காவின் 120 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் உச்ச அளவு ஏறக்குறைய அதேதான். அதனால் சுவர் மின்சாரத்தையே நேரடியாக இணைக்கும் ஆசை அங்கே எழுகிறது. இந்தியாவின் 230 வோல்ட்டில் அந்த உச்சம் 325 வோல்ட். இரண்டுமே தவறு. மின்மாற்றி இடையில் இல்லாததால் சுற்றின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் வீட்டு மின்கம்பியைத் தொட்டது போலத்தான்.

சரியான வழி, தரமான 12 வோல்ட் அடாப்டரும் அதை 170 ஆக உயர்த்தும் சிறு சுற்றும். ஆறு குழாய்களுக்கு மொத்தம் 15 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் போதும். எம்சி34063 போன்ற மலிவான சில்லே இதைச் செய்துவிடும்.

"இவ்வளவு சின்னச் சுற்று என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் 170 வோல்ட் தங்கியிருக்கும் என்பதே பதில். 4.7 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், மூன்று விநாடிக்குள் அது 50 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சில காசு பெறும் இந்த மின்தடையைச் சேர்க்காததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

பழைய குழாய்களின் இருப்பும் முடிவில்லாதது அல்ல. செக் குடியரசில் டாலிபோர் ஃபார்னி புதிதாகக் கையால் செய்கிறார். ஆனால் அவை மாணவர்களுக்கு எட்டும் விலையில் இல்லை. எரிந்த சில்லுக்கு மாற்று உண்டு. கருகிய குழாய் போனது போனதுதான்.

ஆகவே மின்வழங்கியை முதலில் செய்ய வேண்டும். குழாய்களுக்குப் பதில் 12 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைச் சுமையாக இணைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா என அளந்து பார்க்க வேண்டும். குழாயைப் பொருத்துவது அதற்குப் பிறகுதான்.