திரும்பாத படகும் பிள்ளையின் ஜெபமும்

‘அப்பா எப்போது வருவார்?’ என்ற கேள்விக்குக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் எப்போதும் ஒரு பதில் இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். புறப்பட்டால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சில நேரம் ஒரு மாதம்கூடத் தாண்டும். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார் என்று அம்மா சொன்னால் பிள்ளை நாட்களை எண்ணத் தொடங்கிவிடும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் அந்தப் பதிலைப் பறித்துக்கொண்டது. எச்சரிக்கை எட்டும் முன்பே பலர் கடலுக்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். கேரளத்தில் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிகளிலும் இதே துயரம். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதே அவர்களுடைய முதல் கோரிக்கை. தமிழக அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட சாதாரணமாக 7 ஆண்டுகள் ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. சட்டத்தின் கணக்கு முடிந்தது. குழந்தைகளின் கணக்கு முடியவில்லை.

உடல் கிடைக்காத மரணம் பெரியவர்களையே நிலைகுலைய வைக்கும். சிறு குழந்தைக்கோ மரணம் என்பதே முழுதாகப் புரியாத விஷயம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, இறந்தவர் திரும்பி வரக்கூடும் என்றே பெரும்பாலும் நினைக்கும். அப்பா மாதக்கணக்கில் வெளியே இருப்பதைப் பார்த்துப் பழகிய வீட்டில் இந்த நினைப்புக்கு இன்னும் பலம் அதிகம்.

இங்கேதான் கிறிஸ்தவப் பெற்றோரின் சிக்கல் தொடங்குகிறது. மாலையில் குடும்பமாக மண்டியிட்டு ஜெபமாலை சொல்லும் வீடுகள் இவை. கேட்டால் கடவுள் தருவார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். புயல் நாட்களில் அந்தப் பிள்ளைகளும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. சின்னக் குழந்தை இதை இறையியலாக யோசிப்பதில்லை. தான் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, அம்மாவை எதிர்த்துப் பேசினோம், அதனால்தான் அப்பா வரவில்லை என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். தன் எண்ணமும் நடத்தையும் வெளியுலகை மாற்றும் என்று நம்புகிற வயது அது. கேள்வி வாய்விட்டு வராமல் போகலாம். படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்வது என்று வேறு வழியில் வெளிப்படலாம்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பல நேரம் காயத்தை ஆழமாக்குகிறார்கள். ‘கடவுளுக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார்’ என்ற வார்த்தை பெரியவர்களுக்கு மருந்தாக இருக்கலாம். குழந்தையின் காதில் அது, பிடித்தவர்களைத் தூக்கிச் செல்லும் ஒரு கடவுளைப் பற்றிய செய்தியாக விழுகிறது. அடுத்தது அம்மாவா என்ற பயம் அங்கிருந்தே பிறக்கிறது. ‘அப்பா தூங்குகிறார்’ என்றால் இரவில் கண்ணை மூடவே பிள்ளை அஞ்சும். ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்ற பொய்யோ, பள்ளியில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லும் நாளில் உடைந்துபோகும். அன்று அம்மாவின் மீதுள்ள நம்பிக்கையும் சேர்ந்து உடையும்.

எளிய, உண்மையான சொற்களே நல்லது. பெரிய புயல் வந்தது. அப்பாவின் படகு கவிழ்ந்துவிட்டது. அவர் இறந்துவிட்டார் என்று நினைக்கிறோம். தேடியும் உடல் கிடைக்கவில்லை. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது.

மறைக்கல்வி வகுப்பில் தவிர்க்க முடியாத ஒரு கதை உண்டு: கலிலேயக் கடலில் புயலை இயேசு அடக்கிய கதை. மீனவர் பிள்ளைக்கு அது மற்றவர்களுக்குப் போல வெறும் அற்புதக் கதை அல்ல. அந்தப் படகைக் காப்பாற்றியவர் அப்பாவின் படகை ஏன் காப்பாற்றவில்லை? இந்தக் கேள்வியை அதட்டி அடக்குகிற ஆசிரியர், கேள்வியோடு பிள்ளையையும் தேவாலயத்திலிருந்து வெளியே அனுப்புகிறார். நாங்கள் சாவது பற்றி உமக்குக் கவலையில்லையா என்று சீடர்களே அந்தக் கதையில் கேட்கிறார்கள். நற்செய்தி அதை மறைக்கவில்லை. லாசரின் கல்லறை முன்னால் இயேசு அழுதார் என்றும் எழுதியிருக்கிறது. 150 திருப்பாடல்களில் கணிசமானவை புலம்பல்கள். கோபமும் அழுகையும் ஜெபத்துக்கு வெளியே இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல இவை போதும்.

சடங்குகளுக்கும் வேலை இருக்கிறது. நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளில், மற்ற குடும்பங்கள் பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் கல்லறைக்குப் போகின்றன. கல்லறையே இல்லாத பிள்ளை எங்கே போகும்? ஒரு படத்தின் முன்னால், அல்லது கடற்கரையில், ஒரு மெழுகுவர்த்தியைத் தன் கையாலேயே ஏற்ற அதை அனுமதிக்கலாம். துக்கத்துக்கு ஓர் இடமும் ஒரு நாளும் கிடைத்தால் மற்ற நாட்களில் விளையாட மனம் வரும். நேரத்துக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம், மாலை ஜெபம் என்று மாறாத ஒழுங்கும் அப்படித்தான். ஆடிப்போன வீட்டில் அதுவே பிள்ளைக்குத் தூண்.

இந்தச் சுமையைத் தாய் ஒருத்தி மட்டும் தாங்க முடியாது. பங்கில் அன்பியக் கூட்டங்கள் இருக்கின்றன, அருட்சகோதரிகள் இருக்கிறார்கள், ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. விளையாட்டும் படம் வரைதலும் கதையும் பிள்ளைகளைப் பேசவைக்கும் என்பது அன்று கிடைத்த பாடம். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபின் நிவாரண முகாம்களில் பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கும் இதே தேவை இருந்தது.

1544இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் பல்லாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வழியாகப் பெற்றோருக்குக் கற்பித்தது அவர் வழி. ஒக்கியில் அப்பாவை இழந்தபோது மூன்று வயதாக இருந்தவர்கள் முதல் நற்கருணை பெறும் வயதைத் தாண்டிவிட்டார்கள். வளர வளர அதே கேள்வியைப் புதிய வார்த்தைகளில் கேட்பார்கள். இப்போதும் பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. முதல் பாடம், கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது.