பயிற்றுநரை முதலில் பட்டறைக்கு அனுப்புங்கள்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் "பையனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா சார்?" என்று போன் வரும். தாராளமாகச் சேருங்கள் என்பேன். மானாவாரியை நம்பியிருக்கும் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம், தொழில் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மழை பொய்த்த வருஷமும் அடுப்பு எரியும். ஆனால் சேர்க்கும் முன் ஒன்றை விசாரியுங்கள். அங்கே சொல்லிக்கொடுப்பவர் அந்த வேலையைத் தன் கையால் கடைசியாகச் செய்தது எப்போது?

யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. நான் இயற்பியல் நடத்தியவன். ஓம் விதி என் பணிக்காலம் முழுக்க மாறவே இல்லை. ஐ.டி.ஐ. பயிற்றுநருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதுவரை பைக் மெக்கானிக் என்றால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி டியூனிங் செய்ய வேண்டும். இப்போது ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், சென்சார், ஸ்கேனர். பழைய வண்டியிலேயே கை தேர்ந்தவரிடம், "இந்த லைட் ஏன் சார் எரியுது?" என்று பையன் கேட்டால் அவர் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். பையனுக்கு அப்போதே விளங்கிவிடும். அதன் பிறகு கேள்வியே கேட்க மாட்டான்.

எலக்ட்ரீசியன் பிரிவில் இது உயிர் சம்பந்தப்பட்டது. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. தோட்டங்களுக்கும் சோலார் பம்பு வருகிறது. சோலார் பேனலில் இருந்து வருவது டி.சி. வீட்டு ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். அதனால் சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி சீக்கிரம் அணைந்துவிடும். டி.சி.க்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. கரண்ட் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி நின்று எரியும், கை பொசுங்கிவிடும். வேலை செய்து பழகியவர், "முதலில் லோடை நிறுத்து, அப்புறம் கழற்று" என்று முதல் நாளே பழக்குவார். பழகாதவர் அதைப் பரீட்சைக்குரிய இரண்டு மார்க் கேள்வியாகக் கரும்பலகையில் எழுதிப்போடுவார்.

71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்த 2022-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. நல்ல காரியம். ஆனால் இயக்கிப் பழகாதவரிடம் தரும் மெஷின் உறை போட்டபடியே கிடக்கும். பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு.

"வேலை தெரிந்தவரெல்லாம் நல்லா நடத்திடுவாரா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கற்பிக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லித்தர ஓராண்டு சி.ஐ.டி.எஸ். பயிற்சி இருக்கிறது. ஆனால் ஒரு தடவை வாங்கிய சான்றிதழ் முப்பது வருஷத்துக்குத் தாங்காது. ஆண்டுக்கு ஒரு மாதம், சம்பளத்தோடு, பயிற்றுநரை ஆலைக்கும் பட்டறைக்கும் அனுப்ப வேண்டும். மெஷின் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய செலவு இது.

பட்டறை, ஷோரூம், மில், சோலார் என்று வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்றுநர் ஒருவர் கற்றுக்கொள்ள வந்தால் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்பேனரைக் கையில் கொடுங்கள். அவர் ஒருவர் கற்றுக்கொண்டால் அந்த வருஷம் ஒரு வகுப்பே கற்றுக்கொள்ளும்.