‘முடிவு தெளிவில்லை’ என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல

ஜொகூர் பாரு - அடிக்கடி நெஞ்சுச் சளி, எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கும் மலம், நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை. இவை சேர்ந்து வரும் பிள்ளைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பதுண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் ஏற்படும் நோய் இது. நுரையீரலிலும் கணையத்திலும் சுரக்கும் நீர் பசைபோல் கெட்டியாகிவிடும்.

ஆசியர்களிடையே இது அரிது. அதனால் ஆஸ்துமா அல்லது காசநோய் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். பிரிட்டனில் 2007 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கான இரத்தப் பரிசோதனை உண்டு. மலேசியாவில் அப்படி இல்லை. ஆகவே அறிகுறியைக் கவனிக்கும் பெற்றோரும் மருத்துவரும்தான் முதல் சல்லடை.

முக்கியப் பரிசோதனை வியர்வையில்தான். கையில் மருந்து வைத்து, லேசான மின்சாரம் செலுத்தி, வியர்வையைச் சேகரித்து உப்பை அளக்கிறார்கள். ஒரு லிட்டரில் குளோரைடு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்கலாம் என்பதற்கு வலுவான சான்று. 30க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. 30 முதல் 59 வரை வந்தால் எப்பக்கமும் சொல்ல முடியாது. கைக்குழந்தைகளிடம் போதிய வியர்வையே கிடைக்காமல் போவதும் உண்டு. உடல் வீக்கமும் சத்துக்குறைவும் கூட அளவை மாற்றிவிடும்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. 1989-இல் கண்டறியப்பட்ட இந்த மரபணுவில் இதுவரை 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய நோயாளிகளின் பழுதான மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டில் ஒரே மாற்றம்தான். இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் அது பாதிக்கும் குறைவு. ஐரோப்பியரை வைத்து உருவான பட்டியலை மட்டும் பார்த்தால், நம் வம்சாவளிப் பிள்ளையிடம் இருக்கும் மாற்றம் அதில் இல்லாமலே போகலாம். தாளில் ‘எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று வரும். நோயோ பிள்ளையிடம் இருக்கும்.

இங்குதான் குடும்பங்கள் தவறிவிடக்கூடும். குளுவாங், சிகாமட் பக்கத் தோட்டத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். ‘தெளிவில்லை’ என்ற பதிலுக்காக மறுபடியும் எதற்கு அலைவது என்று விட்டுவிட்டால், நுரையீரல் மெல்ல மெல்லச் சேதமாகும். அதற்காகச் சந்தேகத்தை மட்டும் வைத்து நோயாளி என்று முத்திரை குத்துவதும் நியாயமல்ல.

பெற்றோர் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். வியர்வைப் பரிசோதனையை மறுபடியும் எப்போது செய்வது? மரபணு முழுவதையும் படித்தார்களா, பட்டியலை மட்டும் பார்த்தார்களா? கணையம் வேலை செய்கிறதா என்று மலத்தில் சோதிக்கலாமா?

முடிவு வரும்வரை எடையைப் பதிந்து வையுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்திருந்தாலோ, குடும்பத்தில் குழந்தை இறந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். இந்நோய் உள்ள பிள்ளைகள் வியர்வையில் அதிக உப்பை இழப்பதால், நம் வெயிலில் சோர்ந்து வாந்தி எடுத்தால் தாமதிக்கக் கூடாது.

செரிமான நொதி மாத்திரை, நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சி, சத்தான உணவு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. புதிய மருந்துகளோ மரபணு மாற்றத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன. அடுத்த பரிசோதனைத் தேதியைத் தவறவிடாமல் இருப்பதே இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய உதவி.