பார்கோடு தொகுதிகளைச் சிற்றினங்களாக எண்ணக் கூடாது

ஓடைப் பூச்சிகளைக் கணக்கெடுக்க டிஎன்ஏ பார்கோடைப் பயன்படுத்துவதை எங்கள் அமைப்பு முழுமனதுடன் ஆதரிக்கிறது. ஆனால், அதில் கிடைக்கும், ஒத்த டிஎன்ஏ வரிசைகள் கொண்ட தொகுதிகளின் எண்ணிக்கையை அப்படியே சிற்றினங்களின் எண்ணிக்கையாக அறிவிப்பதை எதிர்க்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் என்ற முறையில் இதைச் சொல்லும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது.

ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் மே ஈயின் இளம்பூச்சி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி இந்த வடிவத்தில்தான் கழிகிறது. ஆனால் பல சிற்றினங்களுக்கு விளக்கம் எழுதப்பட்டிருப்பது சிறகு முளைத்த ஆண் பூச்சியை வைத்து. சிறகு வந்தபின் அது வாழ்வது பெரும்பாலும் சில மணி நேரம் அல்லது ஓரிரு நாள். இரண்டும் ஒரே சிற்றினம்தானா என்று அறிய, இளம்பூச்சியை வளர்த்துச் சிறகு விடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்த இந்தப் பார்கோடு முறை இந்த இடத்தில்தான் பெரிதும் உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளை மட்டும் படித்து ஒப்பிடுகிறார்கள். பூச்சியின் ஒரு கால் போதும். மீதி உடல் பத்திரமாக இருக்கும். ஐரோப்பிய ஓடைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பேட்டிஸ் ரோடானி என்ற மே ஈக்குள் பல தனித்த மரபுக் கிளைகள் ஒளிந்திருப்பது 2006இல் தெரியவந்ததும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் படித்ததால்தான்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இரண்டு வரிசைகளுக்கிடையே இரண்டு, மூன்று சதவீத வேறுபாடு இருந்தால் கணினி அவற்றைத் தனித் தொகுதிகளாகப் பிரித்துவிடுகிறது; அவை தனிச் சிற்றினங்களாக எண்ணப்படுகின்றன. ஓடைப் பூச்சிகளுக்கு இந்த எல்லைக்கோடு பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அவற்றில் பல நெடுந்தூரம் பறப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு மலையிலும் தெற்கே ஒரு மலையிலும் வாழும் ஒரே சிற்றினத்தின் இரு கூட்டங்கள் நெடுங்காலம் கலக்காமலிருந்தால், அவற்றின் மைட்டோகாண்ட்ரியா விலகிப்போயிருக்கும். இடையிலுள்ள ஓடைகளில் மாதிரி எடுக்காமல் இரு முனைகளை மட்டும் ஒப்பிட்டால் அந்த விலகல் சிற்றின எல்லையாகவே தோன்றும். மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் பழைய நகல்கள் உட்கருவில் தங்கியிருந்து வாசிப்பில் கலந்துவிட்டாலும் எண்ணிக்கை வீங்கும். இதற்கு மாறாக, வோல்பாக்கியா பாக்டீரியா பரவிய கூட்டங்களில் ஒரே மைட்டோகாண்ட்ரியா வகை எங்கும் பரவி, உண்மையான வேறுபாட்டை மறைத்துவிடலாம். ஆக, பிழை இரு பக்கமும் நேரலாம்.

அணைத் திட்டத்துக்கோ சுரங்கத்துக்கோ தயாரிக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையில் இப்படிப்பட்ட எண் ஒன்று இடம்பெற்றால், அதன்பேரில்தான் ஓர் ஓடையின் கதி முடிவாகும். எனவே ஆய்வு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தொகுதியைத் தொகுதி என்றே எழுத வேண்டும். எந்த எல்லைக்கோட்டில் பிரித்தார்கள் என்பதையும் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். புதிய சிற்றினம் என்று அறிவிக்குமுன் உட்கரு மரபணு ஒன்றையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தில் நெருங்கிய பொருத்தம் கிடைத்தது என்பதற்காக, வேறொரு கண்டத்துப் பூச்சியின் பெயரை நம் ஓடைப் பூச்சிக்குச் சூட்டக் கூடாது. வழக்கமான நீர்த்தரச் சோதனைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் அளவுகோல் பூச்சிக் குடும்பங்களுக்குத்தான் மதிப்பெண் தருகிறது. பயிற்சி பெற்ற கண்ணுக்கு ஒரு நுண்ணோக்கி போதும்.

அந்தக் கண்களை உருவாக்கப் பணம் ஒதுக்குவது எங்களது மிக அழுத்தமான கோரிக்கை. வரிசை படிக்கும் கருவிக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும் வகைப்பாட்டியல் அறிந்த ஓர் ஆய்வாளருக்குச் சம்பளமும் சேர்ந்தே வர வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் மாதிரிகளை ஃபார்மலினில் போடாமல் அடர் எத்தனாலில் வைப்பார்கள். பார்கோடு எடுத்த ஒவ்வொரு பூச்சியின் மீதி உடலும், ஓடையின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டுடன், பிறர் வந்து சரிபார்க்கக்கூடிய பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்படும். இப்படிச் சான்று மாதிரி இல்லாத கணக்கெடுப்பு அறிக்கைகளில் எங்கள் அமைப்பு கையொப்பமிடாது.